செயல்பாடு நன்றாக முடிந்தது, பாடம் எங்கே போனது? வகுப்பில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சாக்பீஸ்தூள் | ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். நான் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் எரிமலைப் பாடம் வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து களிமண்ணில் ஒரு மலை செய்தேன். நடுவில் சின்ன பாட்டில், அதற்குள் சமையல் சோடா, மேலே சிவப்புச் சாயம் கலந்த வினிகர். நுரை பொங்கி வழிந்தபோது வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கேட்டு நான்கு முறை செய்யவைத்தார்கள். அன்றைக்கு அவ்வளவு நிறைவாக வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து "எரிமலை ஏன் வெடிக்கிறது?" என்று கேட்டு எழுதச் சொன்னேன். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் பூமிக்கு அடியில் சோடாவும் வினிகரும் கலப்பதால் என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண் அழகாகப் படம்கூட வரைந்திருந்தாள். பூமிக்குள் இரண்டு பெரிய பாட்டில்கள், ஒன்றில் வெள்ளைத் தூள், இன்னொன்றில் சிவப்புத் தண்ணீர்.

அந்தப் படத்தைத் திருத்த எனக்குக் கை வரவில்லை. அவள் பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறாள். தப்பு என்னுடையது.

அதனால் கேட்கிறேன். ஒரு செயல்பாடு பாடத்தைச் சொல்லித் தருமா, வெறும் சந்தோஷமாக முடிந்துவிடுமா என்பதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? "நூறு யோசனைகள்" பட்டியல் வேண்டாம், அதெல்லாம் நிறையப் பார்த்துவிட்டேன். நீங்கள் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். அதில் பிள்ளை எந்த இடத்தில் யோசித்தது என்றும் சொல்லுங்கள்.

---

அறிவியல்மூலை | ஞாயிறு, இரவு 10:02

டீச்சர், முதலில் ஒன்று. மனதைக் கஷ்டப்படுத்திக்கொள்ளாதீர்கள். அந்தக் களிமண் எரிமலையைச் செய்த எல்லோருக்கும் இது நடந்திருக்கும், பெரும்பாலானவர்கள் இரண்டு வாரம் கழித்துக் கேட்டுப் பார்ப்பதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

சோடாவும் வினிகரும் ஓர் அமில வினை. அதில் வருவது கார்பன் டை ஆக்சைடு, நுரை அதனால்தான். எரிமலையில் இந்த வினை கிடையாது. அங்கே இருப்பது உருகிய பாறைக் குழம்பு, அதற்குள் கரைந்திருக்கும் நீராவி, கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள். ஆழத்தில் அழுத்தம் அதிகம், அதனால் வாயு கரைந்தே கிடக்கும். குழம்பு மேலே வர வர அழுத்தம் குறையும், வாயு குமிழாகப் பிரிந்து வெளியேறப் பார்க்கும். வெடிப்பு அதில்தான் வருகிறது.

இதற்குப் பக்கத்தில் வரும் பொருள் ஒரு சோடா பாட்டில். மூடியோடு நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குமிழியும் இருக்காது. "வாயு எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். அப்புறம் மூடியை மெதுவாகத் திருகுங்கள். உஸ் என்ற சத்தத்தோடு பாட்டில் முழுக்கக் குமிழ் கிளம்பும். உள்ளே எதையும் சேர்க்கவில்லை, மூடியை மட்டும்தான் தளர்த்தினோம். பிள்ளைகள் யோசிக்கும் இடம் அது.

அடுத்து, ஒரு தம்ளரில் தண்ணீர், இன்னொன்றில் கெட்டியாகக் கரைத்த மாவு. இரண்டிலும் உறிஞ்சுகுழலால் ஊதச் சொல்லுங்கள். தண்ணீரில் குமிழ் சுலபமாக வெளியே போய்விடும். மாவில் குமிழ் மாட்டிக்கொண்டு, வீங்கி, பட்டென்று உடைந்து தெறிக்கும். சில எரிமலைகளில் குழம்பு ஆறு போல அமைதியாக வழிவதும் சிலவற்றில் பயங்கரமாக வெடிப்பதும் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தால்தான். ஆளுக்கு ஒரு குழல் கொடுங்கள், ஊத மட்டும் சொல்லுங்கள், உறிஞ்ச வேண்டாம்.

இன்னொரு பழக்கம். எந்த மாதிரிப் பொருளைச் செய்து காட்டினாலும் கடைசியில் கரும்பலகையில் இரண்டு கட்டம் போடுவேன். "எதில் நிஜத்தைப் போல இருக்கிறது", "எதில் நிஜத்தைப் போல இல்லை". இரண்டாவது கட்டத்தைப் பிள்ளைகளே நிரப்ப வேண்டும். உங்கள் களிமண் மலைக்கும் இதைச் செய்யலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

---

காகிதக்கப்பல் | திங்கள், காலை 6:35

"பிள்ளை எந்த இடத்தில் யோசித்தது" என்று கேட்டீர்களே, அந்த ஒரு கேள்விக்காகவே எழுதுகிறேன். நான் கணக்கு எடுப்பவன். என் வகுப்பில் ஒரே விதி: கை வேலையைத் தொடங்கும் முன் என்ன நடக்கும் என்று எழுதி வைத்துவிட வேண்டும். வாயால் சொன்னால் போதாது. வாயால் சொன்னதைப் பிள்ளைகள் (பெரியவர்களும்தான்) முடிவைப் பார்த்ததும் மாற்றிக்கொள்வார்கள். நோட்டில் எழுதியது அப்படியே இருக்கும்.

ஒரு ஏ4 தாள். "இதைப் பாதி பாதியாக எத்தனை தடவை மடிக்க முடியும்?" இருபது, ஐம்பது, நூறு என்று எழுதுவார்கள். மடித்தால் ஆறு அல்லது ஏழில் நின்றுவிடும். "பெரிய தாளாக இருந்தால்?" என்று ஒருவன் நிச்சயம் கேட்பான். செய்தித்தாளைக் கொடுப்பேன். அதுவும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். அங்கே வகுப்பு அமைதியாகிவிடும்.

அப்புறம் அடுக்குகளை எண்ணுவோம். 2, 4, 8, 16... ஏழு மடிப்புக்கு 128 அடுக்கு. சாதாரணத் தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர், ஆக ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். மடிக்கவே முடியும் என்று வைத்துக்கொண்டு மேலே போனால், 10 மடிப்பில் 1,024 அடுக்கு, சுமார் 10 சென்டிமீட்டர். 20 மடிப்பில் நூறு மீட்டரைத் தாண்டும். 27இல் எவரெஸ்ட்டைத் தாண்டும். 42இல் நிலாவைத் தாண்டும்: சுமார் 4,40,000 கிலோமீட்டர், நிலாவோ 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டுவதில்லை. இரண்டால் பெருக்கிக்கொண்டே அவர்களே போவார்கள். பெருக்கல் பயிற்சிக்குத் தனியாக வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டியதே இல்லை.

2002இல் பிரிட்னி கேலிவன் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவி ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள மெல்லிய காகிதச் சுருளை 12 தடவை மடித்துக் காட்டினார். முதலில் கணக்குப் போட்டு எவ்வளவு நீளம் வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் மடித்தார். இதைக் கடைசியில் சொன்னால் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அதே தாளில் இன்னொன்று. ஏ4 தாளைக் குறுக்கே சரிபாதியாக வெட்டுங்கள். பாதித் தாளை முழுத் தாளின் ஒரு மூலையில் பொருத்தி, மூலைக்கு மூலை அளவுகோலை வையுங்கள். சின்னத் தாளின் மூலைவிட்டமும் பெரிய தாளின் மூலைவிட்டமும் ஒரே கோட்டில் வரும். அதாவது வடிவம் மாறவில்லை, அளவு மட்டும் குறைந்திருக்கிறது. இனி ஒரு சதுரத் தாளில் செய்து பாருங்கள், வராது. "எல்லாத் தாளுக்கும் வராதா சார்?" என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும்.

மழலையர் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரோபெல், காகித மடிப்பைக் குழந்தைகளின் வேலைகளில் ஒன்றாக வைத்திருந்தார். அதிலிருந்து யோசனை பெற்று, மடிப்பு வழியாகவே வடிவியலைச் சொல்லும் ஒரு நூலைச் சுந்தர ராவ் 1893இல் சென்னையில் வெளியிட்டார். கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைத் தம் நூலில் குறிப்பிட்ட பிறகு வெளிநாடுகளிலும் அது பரவியது. ஒரு தாளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

---

நேர்கோடு | திங்கள், காலை 8:20

முப்பத்தொரு வருடம் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாக்பீஸ்தூள் டீச்சரின் அனுபவம் தற்செயலானது இல்லை. ஒரு விஷயமே தெரியாத பிள்ளையிடம் பொருளைக் கொடுத்து "நீயே கண்டுபிடி" என்றால், அது எதைக் கவனிக்க வேண்டும் என்று அதற்கே தெரியாது. கண்ணில் பளிச்சென்று படுவதைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் வகுப்பில் பளிச்சென்று பட்டது நுரை. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரை இதைத்தான் வாதிடுகிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு வழிகாட்டல் குறைந்தால் நினைவின் மேல் பாரம் கூடிவிடும், நேராகச் சொல்லிக் கொடுப்பதே அவர்களுக்கு நல்லது என்பது அவர்கள் முடிவு.

வாய்ப்பாடு மனப்பாடமாக இல்லாத பிள்ளை பின்னத்தில் திணறுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குக் கலர் காகிதம் வெட்டி ஒட்ட ஒரு மணி நேரம் கொடுத்தால், வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் தேறிவிடும். பின்னம் அப்படியே நிற்கும். முதலில் சொல்லிக் கொடுங்கள், பயிற்சி கொடுங்கள், அப்புறம் வேண்டுமானால் செயல்பாடு. என் அனுபவம் இது.

---

காகிதக்கப்பல் | திங்கள், காலை 8:51

ஐயா, நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். "நீயே கண்டுபிடி" என்று விட்டுவிட்டுப் போவதை நானும் செய்வதில்லை. எந்தத் தாள், என்ன கேள்வி, எப்போது நிறுத்துவது என்று எல்லாம் நான்தான் முடிவு செய்கிறேன். விடையை மட்டும் பத்து நிமிடம் தள்ளி வைக்கிறேன். தப்பாக ஊகித்த பிள்ளை, அந்தப் பத்து நிமிடம் கழித்துச் சொல்வதை வேறு மாதிரி காது கொடுத்துக் கேட்கிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

---

எழுத்தாணி | திங்கள், மதியம் 1:15

கணக்கும் அறிவியலும் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், தமிழுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்!

இத்தாலியில் ஜானி ரோடாரி என்று ஒரு குழந்தை எழுத்தாளர் இருந்தார், ஆசிரியராகவும் வேலை பார்த்தவர். சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டு, அவை சந்தித்தால் என்ன கதை பிறக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்பது அவர் வழி. சொற்கள் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்க வேண்டும். "குதிரை, வண்டி" என்றால் கதை வராது.

நான் இதைத் தமிழில் செய்யும்போது வேறொன்று கிடைத்தது. பிள்ளைகள் சீட்டுக் குலுக்கி எடுத்த சொற்கள் "ஏணி", "மீன்". சரி, இரண்டையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார்கள். கரும்பலகையில் வரிசையாக வந்தவை இவை:

ஏணியில் மீன்.
மீனுக்கு ஏணி.
மீனின் ஏணி.
ஏணியோடு மீன்.
மீனால் ஏணி...

ஒவ்வொன்றும் ஒரு தனிக் கதை! "ஏணியில் மீன்" என்றால் மீன் எப்படி அங்கே வந்தது என்று சொல்ல வேண்டும். "மீனுக்கு ஏணி" என்றால் யாரோ மீனுக்காகச் செய்திருக்கிறார்கள், எதற்கு? "மீனின் ஏணி" என்றால் அது வெகுநாளாகவே மீனுடையது. பிறகு ஒரு பையன் "ஏணியை மீன்" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டான். மேலே போகவில்லை. "டீச்சர், இதுக்கு மட்டும் என்னமோ குறையுது" என்றான். எது குறைகிறது என்று எல்லோரும் யோசித்தார்கள். "தூக்கிச்சு! ஏணியை மீன் தூக்கிச்சு!" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். வினை இல்லாமல் "ஐ" நிற்காது என்பதை அந்தப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் "வேற்றுமை உருபு" என்ற சொல்லையே சொன்னேன். எட்டு வேற்றுமையையும் வரிசையாக ஒப்பித்த முந்தைய வருடத்துப் பிள்ளைகள் இதைக் கவனித்ததே இல்லை.

நேர்கோடு ஐயா, பெயரைச் சொல்லும் முன் பொருளைத் தொட்டுப் பார்த்ததால் என்ன நஷ்டம்? பெயரும் அன்றைக்கே சொல்லிக் கொடுத்துவிட்டேனே.

ல, ள, ழ வித்தியாசத்துக்கும் ஒன்று. "குரங்கு வாலை ஆட்டியது" என்று எழுதி ஒரு படம். "குரங்கு வாளை ஆட்டியது" என்று எழுதி இன்னொரு படம். "பள்ளியில் பல்லி", "பல்லியின் பள்ளி" என்று பிள்ளைகளே தேடிக் கொண்டுவருவார்கள். வாளைச் சுழற்றும் குரங்கை ஒரு தடவை வரைந்த பிள்ளை அந்த எழுத்தை மறப்பதில்லை. சிவப்பு மையில் நான் போட்ட வட்டங்கள் எதுவும் இவ்வளவு வேலை செய்ததில்லை.

---

வீட்டுப்பள்ளி | திங்கள், மாலை 4:40

நான் ஆசிரியை இல்லை, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. வீட்டில் செய்த ஒன்றைச் சொல்கிறேன், அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம்.

மூன்று கறுப்பு ஸ்கெட்ச் பேனா, மூன்றும் வேறு வேறு கம்பெனி. அதில் ஒன்றால் உறிஞ்சுதாளில் ஒரு புள்ளி வைத்து, "இது திருடன் விட்டுப்போன தடயம். எந்தப் பேனா?" என்று கேட்டேன். தாளின் நுனி மட்டும் தண்ணீரில் தொடும்படி, புள்ளி தண்ணீருக்கு மேலே இருக்கும்படி நிறுத்த வேண்டும். தண்ணீர் மெல்ல மேலே ஏறும், கறுப்பு பிரிந்து நீலம், ஊதா, மஞ்சள் என்று விரியும். மற்றப் பேனாக்களுக்கும் இதையே செய்து வரிசையாக வைத்து ஒப்பிட்டார்கள். சின்னவள் கண்டுபிடித்துவிட்டாள். கறுப்பு ஒரே நிறம் இல்லை என்பது அவளுக்கு இன்னும் ஆச்சரியம், கையில் கிடைக்கும் பேனா எல்லாவற்றையும் சோதிக்கிறாள். தண்ணீரில் கரையும் மையாக இருக்க வேண்டும், அழியாத மார்க்கர் பிரியாது.

சந்தேகம் என்னவென்றால், என் பெரியவன் முன்பெல்லாம் நாள் முழுக்க வரைவான். நல்லதுதானே என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஸ்டிக்கர் கொடுக்க ஆரம்பித்தேன். முதலில் நிறைய வரைந்தான். படங்கள் சின்னச் சின்னதாக ஆயின, வேகவேகமாக முடித்து ஸ்டிக்கர் கேட்டான். ஸ்டிக்கர் தீர்ந்த வாரத்தில் வரைவதையே விட்டுவிட்டான். இப்போது மூன்று மாதமாக வண்ணப் பெட்டியைத் திறக்கவில்லை. நான் ஏதோ கெடுத்துவிட்டேனா?

---

தூரிகை | திங்கள், மாலை 6:05

அம்மா, நீங்கள் தனியாக இல்லை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகள். ஒரு குழுவிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பின் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்குப் பரிசே இல்லை. சில நாட்கள் கழித்து, விளையாட்டு நேரத்தில் யார் தாமாகப் போய் வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழு, மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தது. எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, கெடுப்பது பரிசு இல்லை, "இதைச் செய்தால் அது" என்ற ஒப்பந்தம்.

திரும்ப வருவான். வரையச் சொல்லாதீர்கள், ஸ்டிக்கர் பேச்சையே எடுக்காதீர்கள். நீங்கள் பெரிய தாளைத் தரையில் விரித்து உங்களுக்காக எதையாவது வரையுங்கள், கூப்பிடாமல். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "அழகா இருக்கு" என்று சொல்லாமல், "இந்தக் கோடு எங்கே போகுது?" என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பதில் சொல்ல ஒரு விஷயம் இருக்க வேண்டும். "சூப்பர்" என்ற சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஓவிய ஆசிரியையாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் இருப்பது. கரும்பலகையில் ஒரு வீடு, இரண்டு மலை, நடுவில் சூரியன் வரைந்து, "இதைப் பார்த்து வரையுங்கள்" என்று சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துவோம். நாற்பது தாளிலும் ஒரே வீடு வரும். ஜன்னலிலிருந்து தெரிவதை வரை, உன் செருப்பைக் கழற்றி மேஜை மேல் வைத்து வரை, கண்ணை மூடிக்கொண்டு உன் காதைத் தொட்டுப் பார்த்து வரை. செருப்பை வரைந்த அன்று ஒரு பிள்ளை, "வலது செருப்பு மட்டும் தேய்ஞ்சிருக்கு, நான் சாய்ஞ்சு நடக்கிறேனா?" என்று கேட்டது. இப்படிப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு எல்லாப் பாடமும் சுலபம்.

---

வீட்டுப்பள்ளி | திங்கள், இரவு 9:30

ரொம்ப நன்றிங்க. இதைப் படித்ததும் அழுதுவிட்டேன். தாளை விரித்துப் பார்க்கிறேன்.

---

பெரியவகுப்பு52 | செவ்வாய், காலை 7:00

எங்கள் வகுப்பில் 52 பேர். பொருள் வாங்கப் பணம் கிடையாது, பீரியட் நாற்பது நிமிடம். அதற்குள் முடியும் இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது வாய்ப்பாட்டு வட்டம். ஒரு வட்டத்தைச் சுற்றிச் சம தூரத்தில் பத்துப் புள்ளி (36 பாகைக்கு ஒன்று), 0 முதல் 9 வரை எண்கள். இப்போது ஒரு வாய்ப்பாட்டைச் சொல்லி, ஒவ்வொரு விடையின் கடைசி இலக்கத்தையும் கோட்டால் இணைக்க வேண்டும். இரண்டாம் வாய்ப்பாடு 0, 2, 4, 6, 8, மறுபடி 0: ஐங்கோணம். நான்காம் வாய்ப்பாடு 0, 4, 8, 2, 6, மறுபடி 0: ஐந்து முனை நட்சத்திரம். மூன்றாம் வாய்ப்பாடு பத்துப் புள்ளியையும் தொட்டுப் பத்து முனை நட்சத்திரமாகும். ஐந்து வெறும் ஒரு கோடு.

ஒரு வரிசைக்கு ஒரு வாய்ப்பாடு கொடுத்துவிட்டு நான் சும்மா நிற்பேன். ஏழாம் வாய்ப்பாடு போட்ட வரிசை, மூன்றாம் வாய்ப்பாடு வரிசையைப் பார்த்து, "எங்க படத்தைப் பார்த்துப் போட்டுட்டாங்க" என்று சண்டைக்கு வரும். இரண்டும் ஒரே நட்சத்திரம், திசைதான் எதிர். அப்புறம் எட்டும் இரண்டும், ஆறும் நான்கும், ஒன்பதும் ஒன்றும். கூட்டினால் பத்து வரும் ஜோடிகள்! யாராவது ஒருவர் அதைக் கத்திச் சொல்லும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். வாய்ப்பாட்டில் ஒரு விடை தப்பினாலும் நட்சத்திரம் கோணலாகிவிடும், பிள்ளையே திரும்பிப் போய்ச் சரிபார்க்கும். 52 நோட்டைத் திருத்தும் வேலை எனக்கு மிச்சம்.

இரண்டாவது, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூப் துண்டும். குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லித் தரும் அரவிந்த் குப்தா பரப்பிய வழி. மருந்தைச் சுரண்டி எடுத்துவிட்ட குச்சிகளை ரப்பர் துண்டுகளில் செருகி முக்கோணம், சதுரம், ஐங்கோணம் செய்யலாம். அழுத்தினால் முக்கோணம் அசையாது, சதுரம் சாய்ந்துவிடும். "சதுரம் ஆடாமல் நிற்க இன்னும் எத்தனை குச்சி வேண்டும்? ஐங்கோணத்துக்கு?" சதுரத்துக்கு ஒன்று, ஐங்கோணத்துக்கு இரண்டு, அறுகோணத்துக்கு மூன்று. குறுக்குக் குச்சி நீளமாக இருக்க வேண்டும் என்பதால் துடைப்பக் குச்சியை உடைத்து வைத்துக்கொள்வோம். பாலங்களிலும் மின் கோபுரங்களிலும் ஏன் அவ்வளவு முக்கோணம் என்று பிறகு நான் சொல்ல வேண்டியிருக்காது, வழியில் பார்த்துவிட்டு வந்து அவர்களே சொல்வார்கள்.

---

புதுடீச்சர் | செவ்வாய், மாலை 5:25

வணக்கம், இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தேன். எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். இரண்டு சின்னக் கேள்வி. செயல்பாடு என்றாலே வகுப்பில் சத்தம் வந்துவிடுகிறது, பக்கத்து வகுப்பில் கோபப்படுகிறார்கள். இன்னொன்று, ஒரு பிள்ளைக்குக் கத்தரிக்கோல் பிடிக்கவே வரவில்லை, வெட்டச் சொன்னால் அழுகிறான்.

---

பெரியவகுப்பு52 | செவ்வாய், மாலை 6:10

சத்தத்துக்கு: பொருளைக் கொடுக்கும் முன் வேலையைச் சொல்லி முடித்துவிடுங்கள். பொருள் கைக்கு வந்த பிறகு யார் காதிலும் எதுவும் விழாது. இருவருக்கு ஒரு தாள் என்று கொடுத்தால் பேச்சு இருவருக்குள் அடங்கும், நால்வர் சேர்ந்தால் ஒருவர் செய்வார், மூவர் பேசுவார்கள். முதல் ஐந்து நிமிடம் பேசாமல் ஊகத்தை எழுதும் நேரம் என்று வையுங்கள்.

---

தூரிகை | செவ்வாய், மாலை 6:48

அந்தப் பிள்ளை இடது கைக்காரனா என்று பாருங்கள், தங்கச்சி. பத்தில் ஒருவர் அளவுக்கு இடது கைக்காரர்கள் இருக்கிறார்கள். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் மேல் தகடு கோட்டை மறைத்துவிடும், தகடுகளும் விலகித் தாள் மடங்கும். நம் கண்ணுக்குப் பிள்ளை முரண்டு பிடிப்பது போலத் தெரியும். இடது கைக் கத்தரிக்கோல் தனியாக இருக்கிறது. அது கிடைக்கும்வரை கையால் கிழித்து ஒட்டும் வேலையை வகுப்புக்கே கொடுங்கள், அவனுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

பசை, களிமண் தொட்டாலே உடம்பு கூசும் பிள்ளைகளும் உண்டு. குச்சியாலோ கரண்டியாலோ தொட விடுங்கள். மிகச் சிறியவர்கள் இருக்கும் இடத்தில் மணி, பொத்தான் பேட்டரி, சின்னக் காந்தம் மூன்றும் வேண்டவே வேண்டாம். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

---

நேர்கோடு | புதன், காலை 9:15

பெரியவகுப்பு52 சொன்ன வட்டத்தை நேற்று இரவு பேத்தியோடு உட்கார்ந்து போட்டேன். முப்பத்தொரு வருடத்தில் நான் இதைச் செய்ததில்லை. ஏழாம் வாய்ப்பாட்டை அவள் நான்கு தடவை சொன்னாள், ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. நட்சத்திரம் கோணலானதால் அவளே திரும்பச் சொன்னாள்.

என் கருத்தை முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை. அவளுக்கு வாய்ப்பாடு ஏற்கெனவே பாதி தெரியும், அதனால்தான் வட்டம் வேலை செய்தது. தெரியாத பிள்ளைக்கு அது வெறும் கோடு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் கொடுத்த பயிற்சியில் தப்பு எங்கே என்று சொல்ல நான் தேவைப்பட்டேன். இதில் படமே சொல்லிவிடுகிறது. ஏழும் மூன்றும் ஏன் ஒரே படம் என்று கேட்டாள். காலையில் சொல்கிறேன் என்றேன். பத்து அடி வட்டத்தில் ஏழு அடி முன்னே போவதும் மூன்று அடி பின்னே போவதும் ஒரே இடம்தான் என்று நடந்து காட்டப் போகிறேன், தரையில் பெரிய வட்டம் வரைந்து வைத்திருக்கிறேன்.

---

சாக்பீஸ்தூள் | வெள்ளி, இரவு 8:30

எல்லோருக்கும் நன்றி. செய்துவிட்டு வந்து எழுதலாம் என்று காத்திருந்தேன்.

நேற்று எரிமலைப் பாடத்தை மறுபடி எடுத்தேன். போன முறை நான் காட்டியது முழுதாகச் சரியில்லை என்று பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் படத்தையும் அவள் சம்மதத்தோடு சுவரில் மாட்டி, "நாம் பார்த்ததை இவள் சரியாக வரைந்திருக்கிறாள், நான் காட்டியதில்தான் ஒரு சிக்கல். அது என்ன?" என்று கேட்டேன். அப்புறம் சோடா பாட்டில். வாயு எங்கே இருக்கிறது என்று எழுதச் சொன்னதும், மூடிக்குள் ஒளிந்திருக்கிறது, பாட்டிலின் அடியில் இருக்கிறது, இல்லவே இல்லை என்று பலவிதமாக எழுதினார்கள். மூடியைத் திருகினேன். ஒரு சத்தமும் இல்லை வகுப்பில். கைதட்டலும் இல்லை. எல்லோரும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு கட்டமும் போட்டோம். "நிஜத்தைப் போல இல்லை" கட்டத்தில், "பாட்டில் சூடாக இல்லை", "பாறை இல்லை" என்று எழுதிக்கொண்டே வந்தவர்கள், ஒரு கேள்வியில் நின்றுவிட்டார்கள். கேட்டது அதே பெண்தான். "பாட்டில் மூடியை நீங்க திறந்தீங்க டீச்சர். மலையோட மூடியை யார் திறக்கிறது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அறிவியல்மூலை, உதவுங்கள்.

---

அறிவியல்மூலை | வெள்ளி, இரவு 9:05

என்ன கேள்வி கேட்டிருக்கிறாள்! அவளிடம் 1980ஆம் வருடக் கதையைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் என்று ஒரு மலை. பாறைக் குழம்பு உள்ளே ஏறி ஏறி, அதன் வடக்குப் பக்கம் வாரக்கணக்கில் வீங்கிக்கொண்டே இருந்தது. மே 18 காலை 8:32க்கு ஒரு நிலநடுக்கம். வீங்கிய அந்தப் பக்கம் அப்படியே சரிந்து கீழே போனது, பதிவான வரலாற்றிலேயே மிகப் பெரிய நிலச்சரிவு அது. மேலே அழுத்திக்கொண்டிருந்த பாரம் போனதும் உள்ளே அடைபட்டிருந்த வாயு ஒரே நொடியில் விரிந்தது. மலை வானத்தைப் பார்த்து வெடிக்கவில்லை, பக்கவாட்டில் வெடித்தது. அந்த மலையின் மூடியைத் திறந்தது நிலச்சரிவு.

எல்லா மலையிலும் இப்படி இல்லை. பல இடங்களில் வாயுவே போதுமான அளவு சேர்ந்து, மேலே அடைத்திருக்கும் பாறையை உடைத்துக்கொண்டு வரும்.

---

சாக்பீஸ்தூள் | வெள்ளி, இரவு 9:40

களிமண் மலை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை அதை அவள் கையில் கொடுத்து, ஒரு பக்கத்தை அவளையே வெட்டி எடுக்கச் சொல்லப் போகிறேன். வெட்டும் முன் எந்தப் பக்கம் வெடிக்கும் என்று எல்லோரும் நோட்டில் எழுத வேண்டும்.